பழைய அம்பாசிடருக்கு ஒயரிங் மாற்றப் போகிறீர்களா? ரிலேயைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

அப்பாவின் 1968 மார்க் 2 அம்பாசிடர், டைனமோ (பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) வண்டி. ஐடிலிங்கில் சார்ஜே ஏறாது. இரவில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கிவிடும். பழைய வண்டி வேலையில் பேர்போனவர்கள் என்று கேள்விப்பட்டு, கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டைனமோவுக்குப் பதில் புது ஆல்டர்னேட்டர், முழு ஒயரிங், ரிலே (சின்ன கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) வைத்த 100/90 வாட் ஹாலஜன் பல்பு, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு.

பதினோராம் நாள் பழனிக்குப் போய்விட்டு இரவில் திரும்பினோம். உடுமலை தாண்டியதும் டேஷ்போர்டுக்குள் ஒயர் கருகும் வாடை. லைட் ஸ்விட்சைத் தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. பின் சீட்டில் அம்மாவும் மகளும். ஓரங்கட்டி அவர்களை இறக்கிவிட்டு, பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பானெட்டைத் திறந்தார். பளபளவென்று இரண்டு ரிலே. லைட்டைப் போடச் சொல்லி ஒன்றைப் பிடுங்கினார். லைட் அணையவில்லை. அடுத்ததையும் பிடுங்கினார். அப்போதும் எரிந்தது! ரிலேயிலிருந்து போன ஒயர்கள் ஒரு முழம் தள்ளி இன்சுலேஷன் டேப்புக்குள் சும்மா முடிந்திருந்தன.

ரிலே ஒழுங்காக வேலை செய்தால் ஸ்விட்ச் வழியாக அரை ஆம்பியர்கூடப் போகாது. பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகப் போகும். இங்கே இரண்டு 100 வாட் பல்புக்கும் சேர்த்துப் பதினாறு ஆம்பியருக்கு மேல், அந்தக் காலத்து ஸ்விட்ச் வழியாகவே ஓடியிருக்கிறது. இந்த வண்டியில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. புதிதாக ஒன்றாவது போட்டிருக்க வேண்டாமா?

ஒயரை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம். 'புது' ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் பெயின்ட்டுக்கு அடியில் பழைய கிரீஸ் அப்பியிருந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஹெட்லைட்டில் வெறும் 11.2. வேலை முடிந்த அன்றே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். நீங்களாவது பாருங்கள். ஒயர் நறுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுரண்டியும் பாருங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று முறை போய்விட்டேன். "நீங்க லைட்டை ரொம்ப நேரம் போட்டிருப்பீங்க சார்" என்கிறார்கள். இரவில் லைட் போடாமல் எப்படி ஓட்டுவது?

சரி, பணத்தைக்கூட விட்டுவிடுவேன். கழற்றிய டைனமோவையும் கட்-அவுட்டையும் (டைனமோவை பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் பெட்டி) கேட்டால், "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்கிறார்கள். வண்டியோடு வந்த டைனமோ அது. கடைசியாக புஷ் மாற்றிய தேதியை, 12-8-83 என்று, அப்பா அதன் மேல் ஆணியால் கீறி வைத்திருந்தார். கோவைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் அந்தக் கீறலோடு ஒரு டைனமோ கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். என்ன விலை கேட்டாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.