தடைக்காலமா, செயற்கைப் பாறையா?

மன்னார் வளைகுடாவில் இருக்கிற மாதிரி கடலூர்க் கரையில் பவளத்திட்டுகள் இல்லை. அதனால் மீன்வளத்தைக் காப்பதென்றால் இங்கே பேச்சு இரண்டைச் சுற்றித்தான்.

தடைக்காலம் தெரிந்ததே: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில். இன்னொன்று, கான்கிரீட் வளையங்களைக் கடலடியில் இறக்கும் செயற்கைப் பாறை. சில மாதங்களில் பாசியும் சிப்பியும் ஏறும், சின்ன மீன் ஒதுங்கும், அதைத் தேடிக் களவாயும் சங்கராவும் வரும். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடி அந்தப் பாறையில் சிக்கினால் கிழிந்துவிடும். இழுவைமடிக்காரரை விலக்கி வைக்க, சட்டத்தைவிட இந்தப் பயம் நன்றாகவே வேலை செய்யும். தேவனாம்பட்டினத்து ஃபைபர் படகுக்காரருக்கு அலைச்சல் மிச்சம், டீசலும் மிச்சம்.

ஆனால் பாறை மீனைப் பெருக்குகிறதா, அக்கம்பக்கத்து மீனை ஓரிடத்தில் கூட்டித் தருகிறதா என்பது ஆய்வாளர்களிடையே தீராத வழக்கு. களவாய் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகே ஆணாகும் மீன். பாறையில் கூடுவதில் பெரியதாகப் பார்த்தே தூக்கினால் ஆண் அருகிவிடும், அப்புறம் இனப்பெருக்கம் எங்கே?

தடைக்காலத்துக்கும் ஓட்டை உண்டு: தடை முடிந்ததும் எல்லாப் படகும் ஒன்றாகப் பாய்கின்றன. இருந்தாலும் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு அதற்கே. பாறை போடுவதானால், எந்த அளவு மீனைப் பிடிக்கலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முதலிலேயே பேசி முடிக்கட்டும்.