ஸ்பானிய அரச அகாதெமியின் இணைய அகராதி: ஒரு மழைச் சொல்லை வைத்துப் பார்த்தால்

அகராதி நல்லதா என்று பார்க்க அரிய சொல்லைத் தேட வேண்டாம். ‘மழை பெய்’ என்ற சாதாரண வினையைத் தேடினாலே தெரிந்துவிடும். ஸ்பானியத்தில் அது ‘யோபேர்’. எழுத்தில் முதலில் இரண்டு எல், நடுவில் ஒரு வி. வாயில் வருவதோ ‘ய’வும் மென்மையான ‘ப’வும்.

அகராதியை வெளியிடும், ஸ்பானிய மொழியைப் பேணும் அரச அகாதெமி 1713இல் மாட்ரிட்டில் தொடங்கியது. அகராதியின் 23ஆம் பதிப்பு 2014இல் வந்தது. இணையத்தில் திருத்தங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது.

பதிவில் முதலில் கவனிக்க வேண்டியது, இது ‘மொபேர்’ (நகர்த்து) என்ற வினையைப் போலத் திரியும் என்ற சின்னக் குறிப்பு. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிழைகள் பிறப்பதே அங்கேதான். அழுத்தம் வேர்ப்பகுதியில் விழுந்தால் ‘ஓ’ என்பது ‘உவே’ ஆகும்: பெய்கிறது என்றால் ‘யுவேபே’. அழுத்தம் பின்னால் நகர்ந்தால் பழையபடி ‘ஓ’தான்: பெய்தது ‘யோபியோ’, பெய்யும் ‘யோபெரா’, பெய்துகொண்டிருக்கிறது ‘எஸ்தா யோபியெந்தோ’. ‘யுவேபியோ’ என்று ஒரு சொல்லே கிடையாது.

அடுத்தது, எழுவாய் இல்லாத வினை என்ற முத்திரை. தமிழில் மழைதான் பெய்கிறது. ஸ்பானியத்தில் ‘யுவேபே’ என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியம். மழையைக் குறிக்கும் ‘யூபியா’வை அதன் முன்னால் ஒட்டினால் கேட்பவர் விழிப்பார். உருவகமாகப் பேசும்போது மட்டும் எழுவாய் வரும், வினையும் பன்மையாகும்: விமர்சனங்கள் பொழிந்தால் ‘யுவேபென் கிரித்திகாஸ்’.

அகராதியின் உண்மையான பலம் மரபுத்தொடர்கள். ‘யோபேர் அ காந்தரோஸ்’ என்றால் குடம் குடமாய்க் கொட்டுவது. நம் ஊர்ப் பேச்சேதான். ‘யோபேர் சோப்ரே மொஹாதோ’, நனைந்த இடத்திலேயே மழை, அதாவது பட்ட காலிலே படுவது. ‘கோமோ கியென் ஓயே யோபேர்’ என்பது யாரோ மழைச் சத்தம் கேட்பதுபோல, சொன்னதைக் காதிலேயே வாங்காமல் இருப்பது. ஸ்பானியர் பேச்சில் இவை காதில் விழாமல் போகாது.

கைவிடும் இடமும் உண்டு. ‘மழை பெய்தால்’ என்பதற்கு ‘சி யுவேபே’. ‘சி’க்குப் பின் ‘யோபெரா’ போட்டால் தவறு. ‘பெய்யும்போது’ என்பது இரண்டாகப் பிரியும்: வழக்கமாக நடப்பதற்கு ‘குவாந்தோ யுவேபே’, இனி நடக்கப்போவதற்கு ‘குவாந்தோ யுவேபா’. அகராதியின் வினைத்திரிபு வாய்பாட்டில் இரண்டு வடிவமும் இருக்கும். எதை எப்போது எடுப்பது என்பதை அகராதி சொல்லித் தராது. அதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டும்.

விளக்கமும் ஸ்பானியத்திலேயே இருப்பதால் தொடக்க நிலையில் இதைத் திறந்தால் தலைவலிதான். இடைநிலைக்கு வந்தவர்களுக்கு இதைவிட நம்பகமானது இல்லை. தூறலுக்கான ‘யோபிஸ்னா’வையும் திடீரென அடித்து ஓயும் ‘சுபாஸ்கோ’வையும் அது பிரித்துக் காட்டும் துல்லியம், ஸ்பெயின் வானிலை மையமான ஆயேமெட்டின் அறிவிப்பைப் படிக்கையில் கைகொடுக்கும்.

உச்சரிப்புக்கு மட்டும் ஃபோர்வோ தளத்துக்குப் போங்கள். அங்கே பல நாட்டவர் குரலிலும் கேட்கலாம். புவெனஸ் அயர்ஸ்காரர் சொன்னால் அது ‘ஷோபேர்’.