நான்கில் ஒன்றா, வாக்கிய மாற்றமா?

கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியிலேயே நாளைக் கழித்துவிடுகிறார்கள். ஒரு பத்தி, எட்டு இடைவெளிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள்; சரியானதைக் குறிக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம். அதற்குப் பயன் உண்டு. தமிழில் காற்றும் பலத்த காற்று, மழையும் பலத்த மழை. ஆங்கிலத்தில் காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, மழைக்கு ‘ஹெவி’. எந்தச் சொல் எதனுடன் சேரும் என்பதை இந்தப் பயிற்சி காதுக்குப் பழக்குகிறது. ஆனால் ஒன்றும் தெரியாமல் குறித்தாலும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடும்.

வாக்கியத்தை மாற்றி எழுதும் நான்காம் பகுதி அப்படி விடாது. ‘ஐ ஹேவன்ட் சீன் ஹிம் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று தந்து, ‘சின்ஸ்’ என்ற சொல்லையும் கொடுத்து, அதை மாற்றாமல், அதே பொருள் வரும்படி இரண்டாம் வாக்கியத்தின் இடைவெளியை நிரப்பச் சொல்வார்கள். ‘இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ சா ஹிம்’ என்று வரவேண்டும். ‘பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன’ என்னும் நம் வாக்கியத்தின் சாயல்தானே இது! இடைவெளியில் இரண்டு முதல் ஐந்து சொற்களே அனுமதி. காலம், முன்னிடைச்சொல், மரபுத்தொடர் மூன்றும் ஒருசேரச் சோதிக்கப்படும். கேள்விகள் ஆறுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், பாதி சரியானால் ஒன்று.

தினமும் இருபது நிமிடமே கிடைக்கும் என்றால், பதினைந்தை நான்காம் பகுதிக்குக் கொடுங்கள். விடையைப் பார்க்கும் முன் முழு வாக்கியத்தையும் கையால் எழுதுங்கள்.