முழுச் சம்பளமா, மாதப் பங்கா? மேஜரான பிள்ளையும் வீட்டுக் கணக்கும்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், மகனின் ஏடிஎம் அட்டை துவரம்பருப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. ரகசிய எண்ணை அம்மா மறந்துவிடக் கூடாது என்று நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். மகனுக்கு வயது பத்தொன்பது, சரக்குக் கிடங்கில் ஒப்பந்த வேலை. சம்பளம் ஏறிய அன்றே அம்மா முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு, பேருந்துக்கும் டீக்கும் என்று வாரம் ஐந்நூறு ரூபாயை அவனிடம் தருகிறார். நான்கு வீடு தள்ளி, அதே வயதில் ஒரு பெண் மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறாள். மாதம் பிறந்ததும் ஆறாயிரம் ரூபாயை அம்மாவின் கணக்குக்கு அனுப்பிவிட்டு மீதியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்கிறாள். இரண்டு வீட்டு அப்பாக்களும் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளிகள். இந்த இரண்டு ஏற்பாடுகளில் எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் பார்வையில் இருவரும் பெரியவர்கள். 1875ஆம் ஆண்டின் வயது முதிர்ச்சிச் சட்டப்படி பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே ஒருவர் மேஜர் ஆகிவிடுகிறார். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 வயது வரை காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியும் 1999இல் நீக்கப்பட்டது. பதினெட்டு நிறையும்வரை அவர் போட்ட ஒப்பந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று, ஆங்கிலேயர் காலத்தில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இதைவிட முக்கியமானது, அன்றைய காலையில் கடமையின் திசையும் மாறுவது. உடல்நலக் குறையில்லாத மகனைப் பராமரிக்கும் சட்டக் கடமை பெற்றோருக்கு அன்றோடு முடிகிறது. பெற்றோரால் தங்களைக் காத்துக்கொள்ள முடியாவிட்டால் அவர்களைப் பராமரிக்கும் கடமை அன்று முதல் மகனுக்கு வருகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம். ஆனால் எந்தச் சட்டமும் முழுச் சம்பளத்தையும் கொடு என்று சொல்வதில்லை.

முழுச் சம்பளம் கொடுக்கும் வழியை ஏளனமாகப் பேசுபவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டுப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அரசின் நிவாரணத் தொகை வாடகைக்கும் அரிசிக்கும் போதாது. அப்போது வீட்டில் மாதாமாதம் தேதி தவறாமல் வரும் ஒரே வருமானம் அந்தப் பையனின் சம்பளம்தான். அம்மா அதைக் கையில் வைத்திருப்பதால்தான் அடகுக்கடை வாசலை மிதிக்காமல் தப்பிக்கிறார்கள். சிக்கல் மற்ற பத்து மாதங்களில் இருக்கிறது. மிஞ்சுகிற பணம் அம்மாவின் பெயரில் ஏலச்சீட்டாகப் போகிறது. சீட்டு யார் பெயரிலோ, பணமும் அவருடையதே. தாய் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது கணவருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். நாமினியாக ஒருவர் பெயர் இருந்தாலும் அவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவரே தவிர உரிமையாளர் அல்லர். ஐந்து ஆண்டு உழைத்தவனிடம் அது தன் உழைப்பு என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இராது.

மாதப் பங்கு வழியின் ஆபத்து வேறு. சம்பளம் கையில் நிற்கத் தொடங்கிய சில மாதங்களில் பைக் லோன் வந்து நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முன்கடன் வரலாறு இல்லாததால், அம்மாவையும் அழைத்து வரச் சொல்வார்கள். என் சித்தியிடம், "சும்மா சாட்சிக் கையெழுத்துதாம்மா" என்று ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் நீட்டிய தாளில் அவர் போட்டது ஜாமீன்தாரர் கையெழுத்து. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு முற்றிலும் சமம். மகனைக் கேட்டு முடித்த பிறகுதான் தாயிடம் வர வேண்டும் என்பதில்லை. தவணை தவறியதும் சித்தியின் தோடு போனது. கையெழுத்தே போடாத பெற்றோரோ மேஜரான பிள்ளையின் கடனுக்குப் பொறுப்பாளிகளே அல்லர். ஆனாலும் வசூலுக்கு வந்தவர் வாசலில் சத்தம் போட்டால், தெருவுக்கு அஞ்சி அவர்களே கட்டிவிடுகிறார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தவணை கேட்டு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருப்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது.

அறை எடுத்துத் தனியே போவது என்ற மூன்றாவது வழியை நான் அதிகம் எடை போடவில்லை. தொடக்கச் சம்பளத்தில் முன்பணமும் வாடகையும் போனபின் பிரிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சட்டமும் வீடும் எதிரெதிராக நிற்பதையும் சொல்ல வேண்டும். இந்துக் குடும்பங்களுக்குரிய 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி, தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத மணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை பதினெட்டுக்குப் பிறகும் தொடர்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வீடுகளிலோ சம்பாதிக்கும் மகளின் பணம்தான் "உன் கல்யாணத்துக்குத்தானே" என்ற பெயரில் முதலில் கைமாறுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கே செல்வதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். மருந்துக்கடைப் பெண்ணுக்கும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஆயிரத்தில்தான் வந்தது.

என் தேர்வு மாதப் பங்குதான், இரண்டு நிபந்தனைகளோடு: யாருக்காகவும் யாரும் ஜாமீன் கையெழுத்து போடக் கூடாது, தடைக்காலத்தில் பங்கு உயர வேண்டும். அந்தப் பெண் அந்த இரண்டு மாதமும் பத்தாயிரம் அனுப்புகிறாள். அவளுடைய அம்மா நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு மாதமும் "பாப்பா கொடுத்தது" என்று தேதி போட்டு எழுதி வைக்கிறார். கூடுதல் நாலாயிரம் மட்டும் நைனாவின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கடைசிப் பக்கத்தில் தனியாக ஏறுகிறது.