பார்மா இன்ஜினியரிங்கில் பிஎச்.டி: வேலையை விட்டுவிட்டா, வேலையில் இருந்துகொண்டா?

ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து படித்து மருந்து கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர், நாலைந்து வருடம் கழிந்ததும் பிஎச்.டி. பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். வேலையை விட்டுவிட்டு உதவித்தொகையில் முழுநேரமாகச் சேர்வதா, வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்வதா என்பதில்தான் குழப்பம் வருகிறது. நான் முழுநேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் வேலை பார்த்த கம்பெனியில், அதே பிரிவில் எனக்கு சீனியராக இருந்த குடியாத்தத்துக்காரர் பகுதிநேரமாகச் சேர்ந்தார். இரண்டையும் கிட்டத்தில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன். என் சாய்வு முழுநேரத்தின் பக்கம்தான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் துறையைப் பற்றிக் கொஞ்சம். ஒரு மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது பார்மகாலஜிக்காரர்கள் கவலை. இரண்டு கிலோவில் ஒழுங்காக வந்த மாத்திரை இருநூறு கிலோவில் ஏன் உடைகிறது என்பது எங்கள் கவலை. வெட் கிரானுலேஷனை, அதாவது பொடியை ஈரமாக்கிக் குறுமணிகளாக்கும் வேலையை, எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துப் பொடியில், துகள்களை ஒட்டவைக்கும் பைண்டர் கரைசலை ஊற்றிக் கலக்கும்போது, எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈரம் குறைந்தால் மாத்திரை பிடிக்காது. கூடினால் கட்டி கட்டியாகி, காயவைக்கவும் முடியாது, சலிக்கவும் முடியாது. எங்கள் பிளான்ட்டில் அனுபவசாலி ஆபரேட்டர் ஒருவர் மெஷினை நிறுத்தி, கையுறை போட்ட கையால் ஒரு பிடி அள்ளி, கொழுக்கட்டை மாவைப் பிடிப்பது போல ஒரு அழுத்து அழுத்துவார். கட்டை விரலால் நடுவில் உடைப்பார். தூளாக உதிராமல் இரண்டு துண்டாக உடைந்தால் "பதம் வந்துடுச்சு சார்" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கைப்பக்குவத்தை பேட்ச் ரெக்கார்டில் எப்படி எழுதுவது? மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் வரைபடத்தை வைத்தோ, அகச்சிவப்பு சென்சாரை வைத்தோ அதே முடிவை எடுக்க முடியுமா? இந்த மாதிரிக் கேள்விதான் இங்கே பிஎச்.டி. தலைப்பாகிறது. தயாரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தரத்தை அளந்து பார்ப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. பேட்ச் பேட்ச்சாக இல்லாமல் இடைவிடாமல் ஓடும் தொடர் உற்பத்திக்கு, பல நாட்டு மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் ஐசிஎச் அமைப்பின் க்யூ13 வழிகாட்டுதல் 2022-ல் வந்தது. ஆக, ஆராய வேண்டியது இந்தத் துறையில் இன்னும் நிறையவே இருக்கிறது.

பார்மசூட்டிகல் இன்ஜினியரிங் என்ற பெயரிலேயே துறை வைத்திருக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. வாரணாசி ஐஐடியில் இருக்கிறது. திருச்சி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பார்மசூட்டிகல் டெக்னாலஜி இருக்கிறது. மற்ற இடங்களில் கெமிக்கல் இன்ஜினியரிங்கிலோ பார்மசியிலோ பதிவு செய்துகொண்டு இந்தத் தலைப்பை எடுக்க வேண்டியதுதான். துறையின் பெயரைவிட வழிகாட்டியின் ஆய்வகத்தில் கிரானுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் ஓய்வுபெற எத்தனை வருடம் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். மூன்று வருடத்துக்குக் குறைவான சர்வீஸ் இருப்பவர் புது மாணவரை எடுக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இருந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. ஐந்து வருட அனுபவத்தோடு கம்பெனியில் இருப்பவருக்கு இது இறக்கம்தான். தொகை மாதாமாதம் சொன்ன தேதிக்கு வரும் என்றும் நம்பியிருக்க முடியாது. வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஒரு காரணமே பகுதிநேரத்தின் பக்கம் தள்ளிவிடும். சீனியர் என்னிடம் கேட்டதும் அதைத்தான்: "தம்பி, சம்பளத்தை விட்டுட்டு பொண்ணு ஸ்கூல் ஃபீஸை எங்கிருந்துப்பா கட்டுறது?" எனக்கு அப்போது அந்தப் பாரம் இல்லை. வாலாஜாவில் சொந்த வீடு, அம்மா சமையல். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு யாருக்கும் யோசனை சொல்ல முடியாது.

விதிகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2022 யுஜிசி ஒழுங்குமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கும் மேல் இரண்டு வருடம் தளர்வு உண்டு. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அரையாண்டுக்கு ஒரு முறை ஆலோசனைக் குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. கிடையாது. பகுதிநேரத்துக்குக் கூடுதலாக வேண்டியது கம்பெனி கொடுக்கும் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்.

இனி, எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வில் வரும் டேட்டா யாருடையது?

பகுதிநேரத்தின் பெரிய கவர்ச்சி, கம்பெனியின் மெஷின்கள். பல்கலைக்கழகத்தில் கனவில்கூடப் பார்க்க முடியாத அறுநூறு லிட்டர் கிரானுலேட்டர் நம் ஷிஃப்ட்டிலேயே ஓடுகிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கடினத்தன்மை, உதிர்வு, கரையும் வேகம் எல்லாம் பதிவாகி அலமாரியில் அடுக்கியிருக்கிறது. அதை எடுத்து ஆராய்ந்தாலே ஒரு ஆய்வேடு வந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு பக்கம்கூட நம்முடையதில்லை. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் அது தெளிவாகவே இருக்கும். ஃபார்முலா, பேட்ச் அளவு, தோல்வியடைந்த பேட்ச்களின் விவரம் எல்லாமே கம்பெனியின் சொத்து. அவர்கள் இப்படிக் காப்பதில் தவறும் இல்லை; போட்டிக் கம்பெனி பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது.

பிஎச்.டி.யோ இதற்கு நேரெதிரான காரியம். மதிப்பீடு முடிந்து பட்டம் அறிவிக்கும் முன்பே ஆய்வேட்டின் மின்பிரதி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போக வேண்டும்; அங்கே ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதற்கு முன்பே வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் படித்துவிடுவார்கள். அவர்கள் மூல டேட்டாவைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். "மருந்து அ" என்று பெயரை மறைத்து எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். எங்கள் துறையில் அது எடுபடாது. பொடி எப்படி நடந்துகொள்ளும் என்பதே அதன் துகள் அளவு, படிக வடிவம், தண்ணீரில் கரையும் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. மருந்தின் பெயரை மறைத்தால் இன்னொருவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வழியே இல்லை.

காப்புரிமையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே விஷயம் வெளியே வந்துவிட்டால் புதுமை என்ற தகுதி போய்விடும். அதனால் கம்பெனியின் சட்டப் பிரிவு "முதலில் ஃபைல் பண்ணுவோம், அதுவரை பேப்பர் வேண்டாம்" என்று நிறுத்திவைக்கும். ஃபைல் செய்வதா வேண்டாமா என்ற முடிவுக்கே பல மாதம் ஓடும். விண்ணப்பமும் வழக்கமாக 18 மாதம் கழித்துத்தான் பொதுப் பார்வைக்கு வரும். ஆறு வருடக் கெடுவில் இந்த மாதங்களை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

சீனியருக்கு நடந்தது இதுதான். அவருடைய மேலாளர் நல்ல மனிதர். "தாராளமா செய்யுங்க, வேண்டியதை எடுத்துக்குங்க" என்று வாயால் சொல்லியிருந்தார். அதை நம்பி அவர் ஒரு மாத்திரையின் ஸ்கேல் அப் (சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குக் கொண்டுபோகும்) டேட்டாவை மாதக்கணக்கில் தொகுத்தார். பிறகு அந்த மேலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் என்ஓசி கடிதத்தை எடுத்துப் பார்த்தார். யுஜிசி கேட்கிற மூன்று விஷயங்கள் மட்டும் அதில் இருந்தன: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, வேலைக்கு நடுவே ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க விடுவிப்போம் என்பது. டேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் அதை வெளியே கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டார். சீனியர் மருந்தே கலக்காத வெறும் பொடியை வைத்து முதலிலிருந்து தொடங்கினார். இன்னும் செய்துகொண்டிருக்கிறார், நன்றாகவே செய்கிறார். ஆனால் தொகுத்ததெல்லாம் அலமாரிக்கே திரும்பிப் போய்விட்டது. அவருடைய உழைப்பு அப்படிப் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

முழுநேரத்தில் இந்தச் சிக்கல் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கும் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை உண்டு. காப்புரிமை கிடைத்தால் அதில் அவர்களுக்கு உரிமை இருக்கும். ஆனால் ஆய்வேட்டையும் கட்டுரையையும் வெளியிடுவதே அவர்கள் நோக்கம் என்பதால், இழுபறி வந்தாலும் எழுதவே கூடாது என்று யாரும் கையைப் பிடிப்பதில்லை. நான் பாராசிட்டமாலை எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் தெரிந்த பழைய மருந்து, விலை குறைவு, அதோடு அமுக்கினால் சரியாகப் பிடிக்காத பொடி. மெஷினின் அச்சுக்குழியிலிருந்து (டை) வெளியே வந்ததும் மாத்திரையின் மேல் பகுதி தனியாகக் கழன்றுவிடும். இதைக் கேப்பிங் என்போம். ஆராய்ச்சிக்கு இந்த மாதிரி அடம்பிடிக்கும் பொருள்தான் நல்லது. கழன்ற மாத்திரை ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதி போட்டு, என் நோட்டில் ஒட்டியிருக்கிறேன். அந்த நோட்டை யாரிடமும் அனுமதி கேட்காமல் தேர்வாளர் முன் திறந்து வைக்கலாம்.

இன்னொரு பக்கம், முழுநேரக்காரர் கம்பெனியில் சொகுசாகக் கிடைத்ததையெல்லாம் தானே தேட வேண்டும். உற்பத்திக் கூடத்தில் ஈரப்பதம் எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆய்வகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் பைண்டராகப் போடும் பிவிபி பொடி டப்பாவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அன்றைய ஈரப்பத அளவையும் நோட்டில் எழுதாவிட்டால், சித்திரையில் செய்த சோதனையோடு அதை ஒப்பிடவே முடியாது. பெரிய கருவிகளுக்கு வெளியே போக வேண்டியிருக்கும். சென்னை ஐஐடியில் உள்ள எஸ்ஏஐஎஃப் என்ற ஆய்வுக் கருவிகள் மையத்தில் வெளி ஆட்களின் சாம்பிளுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதனை செய்து தருகிறார்கள். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் சாம்பிளைக் கொடுத்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். ஸ்கேல் அப் மட்டும்தான் உண்மையான குறை. இரண்டு லிட்டர் பாத்திரத்தில் வந்த முடிவு பெரிய மெஷினுக்கும் பொருந்துமா என்பதை மெஷின் சுழலும் வேகத்தையும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் ஃப்ரௌடு எண் மாதிரியான கணக்குகளை வைத்து ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். ஏதாவது ஒரு கம்பெனியில் ஒன்றிரண்டு பெரிய பேட்ச் ஓட்ட அனுமதி வாங்கினால்தான் வாதம் முழுமையாகும்.

நேரத்தைப் பொறுத்தவரை முழுநேரம்தான் வசதி. எடை போட்டு, கலக்கி, காயவைத்து, சலித்து, அமுக்கி, சோதித்து முடிக்க ஒரு முழு நாள் வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைக்கும் ஸ்டெபிலிட்டி (மருந்து கெடாமல் நிற்கிறதா என்று பார்க்கும்) சாம்பிள்களைக் குறித்த தேதியில் எடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து பிளான்ட்டில் ஆடிட் வந்தால் பகுதிநேரக்காரர் என்ன செய்வார்?

பட்டத்துக்குப் பிறகான வேலை பற்றி என்னால் பாதிதான் சொல்ல முடியும். நான் இன்னும் முடிக்கவில்லை. பகுதிநேரக்காரருக்கு அனுபவ வருடங்கள் விட்டுப்போகாமல் தொடர்கின்றன. இன்டர்வியூவில் அது எடை சேர்க்கும் என்றே நினைக்கிறேன். கற்பிக்கப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பார்மசி கல்லூரியில் ஆசிரியராக பி.ஃபார்ம், எம்.ஃபார்ம் வேண்டும் என்பது இந்திய பார்மசி கவுன்சிலின் (பிசிஐ) விதி. பி.டெக் வழியில் வந்தவருக்கு பிஎச்.டி. மட்டும் அந்தக் கதவைத் திறக்காது. இன்ஜினியரிங் கல்லூரிப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். வெளிநாட்டு பிஎச்.டி. பக்கம் நான் முயற்சியே செய்ததில்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

பகுதிநேரம்தான் முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம், சேருங்கள். ஆனால் என்ஓசி கடிதத்தில் யுஜிசி கேட்கும் மூன்று விஷயங்களோடு இன்னும் இரண்டை எழுதி வாங்குங்கள். காப்புரிமைக் காலம் முடிந்த, கம்பெனி தயாரிக்காத ஒரு மருந்தையோ மருந்து கலக்காத பொடியையோ கம்பெனியின் மெஷினில் ஓட்டலாம் என்பது ஒன்று. அதிலிருந்து வரும் டேட்டாவை ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் வெளியிடலாம் என்பது மற்றொன்று. மேலாளர் கையெழுத்து மட்டும் போதாது. சட்டப் பிரிவும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு சேர்க்கைக் கட்டணம் கட்டுங்கள்.