மருந்தை மொத்தமாக வாங்கி அடுக்குவதா, அன்றன்றைக்கு வாங்குவதா? ஒரு 50 படுக்கை மருத்துவமனையின் கணக்கு

எங்கள் மருந்துக் கிடங்கின் கடைசி அலமாரியில், கீழ்த்தட்டில், ஒரு அட்டைப் பெட்டி ரொம்ப நாள் கிடந்தது. உள்ளே செஃபோபெரசோன்-சல்பாக்டம் என்ற ஆன்டிபயாடிக்கின் 1.5 கிராம் ஊசிக்குப்பிகள் 70. எல்லாம் காலாவதி. பத்துக்கு இரண்டு ஆஃபர் என்று மருந்துக் கம்பெனி ரெப் சொன்னதும் 100-க்குப் பணம் கட்டி 120 வாங்கிய சரக்கு அது. ஒரு குப்பி 300 ரூபாய், ஆஃபரோடு சேர்த்துப் பார்த்தால் 250 தான், நல்ல கொள்முதல் என்றே அன்று நினைத்தேன். இரண்டாவது மாதம் அதை எழுதிக்கொண்டிருந்த சர்ஜன் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பிப்பெராசிலின்-டாசோபாக்டம்தான் எழுதுவார். ஆக 50 குப்பிக்கு மேல் நகரவில்லை. அந்த ஐம்பதையும் தேவைப்பட்டபோது 300 வீதம் வாங்கியிருந்தால் 15,000 ரூபாய் ஆகியிருக்கும். நாங்கள் கொடுத்தது 30,000. ஆஃபர் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது என்று பில்லிலேயே இருந்தது.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு வருடமாக மருந்துக் கொள்முதலைப் பார்த்துக்கொள்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் இந்த அளவு மருத்துவமனைகள் நிறைய. புதிதாகப் பொறுப்புக்கு வரும் பார்மசிஸ்ட் தம்பி தங்கைகள் எல்லாருமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே, எவ்வளவு வாங்குவது? நான் முயன்று பார்த்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மாத மொத்தக் கொள்முதல். இதில் கண்ணுக்குத் தெரியும் லாபம் ஆஃபர். பத்துக்கு ஒன்று என்றால் 10 விழுக்காடு தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள். 11 எண்ணத்துக்கு 10 எண்ணத்தின் பணம் கொடுக்கிறோம், அப்படியானால் அது 9.09 விழுக்காடுதான். பத்துக்கு இரண்டு என்பது 16.67. அதுவும் முழுச் சரக்கும் விற்றுத் தீர்ந்தால் மட்டும். ஆறில் ஒரு பங்கு அலமாரியிலேயே நின்றுவிட்டால் பத்துக்கு இரண்டின் ஆதாயம் முழுக்கப் போய்விடும், இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் யாரும் ஆர்டர் கொடுக்கக் கூடாது. அப்புறம் விலையும் நம் கையில் இல்லை. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்சவிலை உண்டு, அது இறங்கினால் அலமாரியில் இருப்பதையும் இறங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததே, நோயாளிக்கு அது நல்ல செய்தி, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 12 விழுக்காடு வரி கட்டி மூன்று மாதச் சரக்கை நிரப்பி வைத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் தூக்கம் போனது. வெளிநோயாளிக்கு விற்பதில் கட்டிய வரியை ஈடுசெய்துகொள்ளலாம், உள்நோயாளிக்குப் போகும் மருந்தில் அதற்கும் வழியில்லை, ஏனென்றால் படுக்கையில் இருப்பவருக்குக் கொடுக்கும் மருந்து வரிவிலக்கு உள்ள சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு வாரச் சரக்கோடு இருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் நாகர்கோவில் ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது மொத்த மருந்து வியாபாரியிடம், அன்றாடம் வாங்குவது. காலை பதினோரு மணிக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டால் சாயங்காலத்துக்குள் பெட்டி வந்துவிடும். ஆஃபர் குறைவு, சில நேரம் சுத்தமாக இல்லை. ஆனால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே திருப்பிக் கொடுத்தால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள க்ரெடிட் நோட் போட்டுத் தருகிறார், உடைந்து வந்தால் மாற்றித் தருகிறார், பணத்துக்கு முப்பது நாள் தவணையும் கிடைக்கிறது. இந்த மூன்றுக்கும் ரூபாயில் மதிப்புப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பட்டியலில் உள்ள பெரும்பாலான மாத்திரைகளுக்கும் ஆன்டிபயாடிக் ஊசிகளுக்கும் இதுவே மலிவு. நான் இதன் பக்கம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் அன்றாடக் கொள்முதலுக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அது நம் ஊரின் காலண்டர். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், சிவாலய ஓட்டம் நடக்கும் சிவராத்திரி, மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறைகள் வருகின்றன. அதோடு ஒரு ஞாயிறும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாள் ஸ்டாக்கிஸ்ட் கடை திறக்காது. கேஷுவாலிட்டிக்கு விடுமுறை உண்டா? அதனால் ஆர்டர் போட வேண்டிய அளவை நான் இப்படி வைக்கிறேன்: சரக்கு வந்து சேர ஆகும் நாட்களையும் கையில் எப்போதும் இருக்க வேண்டிய நாட்களையும் கூட்டி, அதை ஒரு நாள் செலவால் பெருக்குவது. பாராசிட்டமால் டிரிப் பாட்டில் சாதாரண மாதத்தில் நாளுக்கு 12 போகிறது, இரண்டு நாள் வரவு, மூன்று நாள் கையிருப்பு, ஆக 60-க்கு இறங்கியதும் ஆர்டர். அக்டோபரில் மழை பிடித்து டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரத் தொடங்கினால் அதே பாட்டில் நாளுக்கு 25. அப்போது கையிருப்பையும் ஐந்து நாளாக்குகிறேன், 175 ஆகிவிடும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. வருடம் முழுக்க ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

2017 நவம்பர் 30 ஓகி புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாலையில் கிடந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நாகர்கோவில் இத்தனைக்கும் பக்கத்தில்தான், ஆனால் வண்டி வர வழி இருக்கவில்லை. அப்போது எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், டார்ச் வெளிச்சத்தில் அலமாரியைக் காட்டிச் சொன்னார்: "மக்களே, எது எவ்வளவு மலிவா வாங்குனோம்னு இன்னைக்கு யாரும் கேக்க மாட்டாவ. இருக்கா இல்லியான்னு மட்டும்தான் கேப்பாவ." 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. நம் சாலை நன்றாகவே இருந்தாலும் வடக்கே வழி அடைபட்டால் ஸ்டாக்கிஸ்டின் அலமாரியும் காலியாகும்.

ஆகவே பட்டியலை இரண்டு விதமாகப் பிரித்தேன். பணத்தை வைத்து ஒரு பிரிவு: எல்லா மருத்துவமனையிலும் கொஞ்ச வகை மருந்துகளே பணத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், எங்களுக்கு விலை கூடிய ஆன்டிபயாடிக், ஆல்புமின், ஹெப்பாரின் வகைகள். இவற்றை வாரம் இருமுறை எண்ணிப் பார்த்து, குறைவாக, அடிக்கடி வாங்குகிறேன். இன்னொரு பிரிவு, இல்லாமல் போனால் உயிர் போகுமா என்பது. அட்ரினலின், அட்ரோபின், கால்சியம் குளுக்கோனேட், நாரட்ரினலின், ஆக்ஸிடோசின், பாம்புக்கடி மருந்து இவையெல்லாம் அதில் வரும். அட்ரினலின் விலை சொற்பம், வருடத்துக்குப் பத்து ஆம்பூல் காலாவதியாகிப் போனாலும் போகட்டும். மருந்து வீணாகக் கூடாது என்று கணக்குப் பிள்ளைகள் சொல்லும் விதி இந்த வரிசைக்குப் பொருந்தாது, இதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். பாம்புக்கடி மருந்து விலை கூடியது, இருந்தும் விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கும் ஊர் இது. முதல் வேளைக்கே பத்துக் குப்பி வரை தேவைப்படும், ஐந்து குப்பி வைத்திருப்பது வைக்காததற்குச் சமம்.

மொத்தக் கொள்முதல் எதற்கு நல்லது என்றால், டிரிப் பாட்டில், சிரிஞ்ச், கையுறை, பஞ்சு, கேனுலா. எந்த டாக்டர் வந்தாலும் போனாலும் இவை ஓடும், காலாவதியும் தூரம். இடம்தான் பிடிக்கும், தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்க வேண்டும், நம் கடலோர ஈரத்துக்கு அட்டைப்பெட்டி சீக்கிரம் நமுத்துப் போகிறது.

மூன்றாவது வழி திருவனந்தபுரம். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம், களியக்காவிளை தாண்டினால் கேரளம். ஆர்சிசி புற்றுநோய் மருத்துவமனை, ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையம், மெடிக்கல் காலேஜ் எல்லாம் அங்கே இருப்பதால் புற்றுநோய் மருந்து, அரிதான ஊசி எல்லாம் அன்றே கைக்கு வந்துவிடும், நாகர்கோவிலில் அதே மருந்துக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டி வரும். ஆனால் வழக்கமான சரக்குக்கு நான் அங்கே போவதில்லை. வேறு மாநில பில், அதற்கான ஐஜிஎஸ்டி வரி, 50,000 ரூபாய்க்கு மேல் போனால் சரக்கோடு வர வேண்டிய இ-வே பில், அதைவிடப் பெரிய தலைவலி ரிட்டர்ன்: எல்லை தாண்டித் திருப்பி அனுப்பிய காலாவதிச் சரக்குக்கு ஒரு வியாபாரியிடம் எட்டு மாதம் க்ரெடிட் நோட்டுக்காகப் போன் செய்தேன். ஒரு நோயாளியின் பேருக்கு, அவசரத்துக்கு என்றால் திருவனந்தபுரம். மற்றதற்கு வேண்டாம்.

நான்காவது வழியை நாங்கள் இன்னும் முழுதாகச் செய்யவில்லை, ஆனால் இதில்தான் எனக்கு ஆசை அதிகம். கூட்டு விலை. அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டபோது செய்த வேலை இதுதான்: விலையை டெண்டரில் ஓரிடத்தில் முடிவு செய்வது, சரக்கை மாவட்டக் கிடங்கில் வைப்பது, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது, ஒவ்வொரு பேட்ச்சையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே வெளியே விடுவது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலும் தக்கலை அரசு மருத்துவமனையிலும் நோயாளி கையில் வாங்கும் மாத்திரை இப்படித்தான் வருகிறது. மொத்த விலையும் சில்லறை எடுப்பும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கிறது என்பதைத்தான் நான் இதில் பெரிதாகப் பார்க்கிறேன். நாலைந்து சின்ன மருத்துவமனைகள் சேர்ந்து இருபது மருந்துக்கு ஒரே ஸ்டாக்கிஸ்டிடம் ஒரு வருட விலை பேசிவிட்டு, பில்லை மட்டும் தனித்தனியாக வாங்கிக்கொண்டால் என்ன? இரண்டு மருத்துவமனைகளோடு டிரிப் பாட்டிலுக்கு மட்டும் செய்து பார்த்தோம், விலை குறைந்தது, யாரும் கூடுதலாக அடுக்கி வைக்கவும் இல்லை. ஆன்டிபயாடிக்குக்கு வரும்போது தடுக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பிராண்ட். அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு மருந்துக்கு இரண்டு பிராண்ட் போதும் என்று ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், நோட்டா சாஃப்ட்வேரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. சாஃப்ட்வேர்தான். பேட்ச் வாரியாக, அடுத்த 90 நாளில் காலாவதியாகப் போவது எது என்ற பட்டியலை நோட்டில் எடுக்க ஒரு நாள் ஆகும், இங்கே ஒரு நிமிடம். ஆனால் கம்ப்யூட்டரில் 40, அலமாரியில் 31 என்று நிற்கும் நிலை எல்லா இடத்திலும் உண்டு. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஸ்ட்ரிப்பை மாத்திரையாகவோ மாத்திரையை ஸ்ட்ரிப்பாகவோ பதிந்தது, ஆஃபரில் வந்த இலவச எண்ணிக்கையைப் பதியாதது, ராத்திரி அவசரத்தில் எடுத்துவிட்டுக் காலையில் எழுதலாம் என்று விட்டது. வருடக் கடைசியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, தினமும் பத்து மருந்தை எண்ணிச் சரிபார்ப்பது மேல். இரண்டையும் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன், தினம் எண்ணும்போது பிழை நடந்த நாள் யாருக்காவது ஞாபகம் இருக்கிறது. கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணை மருந்துகளுக்கு மட்டும் தனிப் பதிவேடு, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

ஃப்ரிட்ஜுக்குச் சுருக்கமாக: வீட்டு ஃப்ரிட்ஜ் வேண்டாம், வேறு வழி இல்லையென்றால் கதவுத் தட்டிலும் ஃப்ரீசரை ஒட்டியும் இன்சுலின் வைக்க வேண்டாம், 2 முதல் 8 டிகிரி இருக்கிறதா என்று காலையும் மாலையும் எழுதுங்கள்.

கடைசியாக வார்டு ஸ்டாக். ஐசியூ, தியேட்டர், லேபர் வார்டு அலமாரிகளில் தனித்தனியாக மருந்து வைத்தால் சிஸ்டர்களுக்கு வசதி, நள்ளிரவில் படி இறங்கி வர வேண்டாம். நோயாளி வாரியாக இன்டென்ட், அதாவது தேவைச் சீட்டு, போட்டு பார்மசியிலிருந்து அனுப்பினால் கணக்கு சுத்தம், ஆனால் தாமதம். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். ஒவ்வொரு வார்டிலும் 25 மருந்து, எது எத்தனை என்று அலமாரிக் கதவிலேயே ஒட்டியிருக்கும், மீதி எல்லாம் இன்டென்ட். திங்கட்கிழமை காலையில் நான் வார்டு வார்டாகப் போய்ப் பார்க்கிறேன். முதல் தடவை அப்படிப் போனபோது, கிடங்கில் இல்லை என்று நான் அன்று காலைதான் ஆர்டர் போட்ட லாபெட்டலால் ஊசி லேபர் வார்டு மேசை இழுப்பறையில் பதினெட்டு ஆம்பூல் இருந்தது. காலாவதிக்கு இன்னும் ஐந்து வாரம். ஸ்டாக்கிஸ்டுக்குப் போன் செய்து ஆர்டரை நிறுத்தினேன், அந்தப் பதினெட்டில் ஆறை அங்கேயே வைத்துவிட்டு மீதியைக் கிடங்கின் முன்வரிசைக்குக் கொண்டு வந்தேன். காலாவதி முடிவதற்குள் அந்தப் பன்னிரண்டும் செலவாகிவிட்டன.