நுனிக்கால் நடை: பொறுத்துப் பார்ப்பதா, இப்போதே காட்டுவதா?

குழந்தை குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலிலேயே நடந்தால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். பாட்டி கட்சி "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லும், கூகுளில் தேடிய அப்பா கட்சி ஆட்டிசமா (பழகுவதும் பேசுவதும் வேறுபடும் ஒரு வளர்ச்சிக் குறைபாடு) என்று பதறும்.

பாட்டி சொல்வது பாதி சரி. இரண்டு வயது வரை இது சகஜம்தான். நிற்கும்போது குதிகால் தரையில் படுகிறது, பெயர் சொன்னால் திரும்புகிறது, காக்காவை விரல் நீட்டிக் காட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறது என்றால் பொறுக்கலாம், தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் அந்த விரல் நீட்டலே இல்லை, தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையை இழுத்துப்போய்ச் சொம்பின் மேல் வைக்கிறது, பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வந்த வார்த்தைகளும் குறைகின்றன என்றால் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நடையை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று யாரும் சொல்ல முடியாது, இவற்றோடு சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் என்று 20 கேள்விகள் உண்டு. அது எதையும் உறுதி செய்யாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும். சீக்கிரம் டாக்டரிடம் போவதில் நஷ்டம் ஒரு காலை நேரம் வரிசையில் காத்திருப்பதுதான். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க ஆட்டிசம் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், ஒரு காலில் மட்டும் அப்படி நடந்தாலோ, நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஆரம்பித்தாலோ, அது தசை அல்லது நரம்புப் பிரச்சினையாகவும் இருக்கலாம். அங்கே பாட்டி கட்சிக்கு ஓட்டே கிடையாது.